பத்து ஆராங் சுரங்கக் குட்டைக் கரையில் ஒருநாள் நடை: வயதான தந்தையை அழைத்துச் செல்லலாமா?

செந்தூல் மகள் கேட்கிறார்:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் தந்தைக்கு இப்போது 76 வயது. சிலாங்கூரில் உள்ள பத்து ஆராங் என்ற பழைய சுரங்க ஊரில் பிறந்து, பத்து வயதுவரை அங்கேயே வளர்ந்தவர். தாத்தா அங்கிருந்த செங்கல் சூளையில் வேலை செய்தார். 1960ஆம் ஆண்டு ஜனவரியில் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டபின் ஊரில் பிழைப்பில்லாமல் போகவே, குடும்பம் கோலாலம்பூருக்கு வந்து செந்தூலில் குடியேறியது. அதற்குப் பிறகு இரண்டு திருமணங்களுக்காக அப்பா அந்த ஊருக்குப் போயிருக்கிறாரே தவிர, சூளைப் பக்கமோ சுரங்கப் பள்ளத்தின் பக்கமோ கால் வைத்ததில்லை.

சென்ற ஆண்டு என் மகன்கள் இருவரும் ஒரு நடைக்குழுவுடன் அங்கே போய்வந்தார்கள். குழுவை அழைத்துச் சென்றவர் பேய்க்கதைகளைத் தவிர வேறு எதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. நல்ல படம் கிடைக்கும் என்று இடிந்த சுவரின்மேல் அவர்களை ஏறவும் சொல்லியிருக்கிறார். இளையவன் நின்ற இடத்தில் கல் பெயர்ந்து, கணுக்கால் வீங்கி, இரண்டு வாரம் நடக்க முடியாமல் கிடந்தான். எனக்குக் கோபம் அந்தக் காயத்தின்மேல் மட்டுமல்ல. வீட்டுக்கு வந்து அவன் பேய்க்கதையைச் சொன்னபோது அப்பா அமைதியாகக் கேட்டுவிட்டு, “அது எங்கள் அப்பா வெந்த இடம் ஐயா, அங்கே பேய்க்கு என்ன வேலை?” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவரை ஒருமுறை அங்கே அழைத்துப்போக வேண்டும் என்பது என் மனத்தில் உறுதியாகிவிட்டது.

அப்பாவால் சமதரையில் ஒரு மணி நேரம் நடக்க முடியும், ஏற்றம் கடினம். குட்டைக் கரையோரமாக நடந்தால் பழைய கட்டடங்களைப் பார்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கரைப்பக்கமே போகாதீர்கள் என்று வேறு சிலர் எச்சரிக்கிறார்கள். எது சரி? காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்புவதாக இருந்தால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது நல்லது? முக்கியமாக, அந்த இடிபாடுகளில் எது எது என்னவாக இருந்தது என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். பிள்ளைகளுக்கு இந்தமுறை சரியான கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

பழைய தண்டவாளம் எழுதுகிறார்:

வணக்கம் அம்மா. உங்கள் அப்பா எனக்கு அண்ணன் முறை. அவரைவிட நான் மூன்று வயது இளையவன். நானும் அந்த ஊர்ப்பிள்ளைதான். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரவு வெகுநேரம் உறங்கவில்லை.

முதலில் ஊரின் கதையைச் சுருக்கமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மலாய் மொழியில் ‘பத்து ஆராங்’ என்றால் நிலக்கரி என்றே பொருள். தொழிலின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். மலாயன் காலியரிஸ் நிறுவனம் 1913இல் உருவாகி, 1915இல் கரி வெளியே வரத் தொடங்கியது. குவாங்கிலிருந்து அந்தக் கரிக்காகவே ஒரு கிளை ரயில்பாதை போடப்பட்டது. பின்னாளில் அது பத்தாங் பெர்ஜுந்தாய்வரை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவரை நீண்டது. மலாயாவின் ரயில் எஞ்சின்கள் எங்கள் ஊர்க் கரியைத் தின்றுதான் ஓடின. ஈய லம்பங்களின், அதாவது ஈயச் சுரங்கங்களின், இயந்திரங்களும், 1927இல் திறக்கப்பட்ட பங்சார் மின் நிலையமும் அப்படித்தான். கோலாலம்பூரில் விளக்கு எரிந்ததற்குப் பின்னால் உங்கள் தாத்தாவைப் போன்றவர்களின் முதுகு இருக்கிறது என்பதைப் பையன்கள் தெரிந்துகொள்ளட்டும். எஞ்சின்கள் எண்ணெய்க்கு மாறியபின் கரியை வாங்குவோர் குறைந்தார்கள், சுரங்கமும் நின்றது. பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். என் புனைபெயர் அந்த வருத்தத்தில் வைத்தது.

சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். நம்மவர்களும் மலாய்க்காரர்களும் பல வேலைகளில் இருந்தார்கள். 1937 மார்ச்சில் தொழிலாளர்கள் சுரங்கத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவந்ததும், போலீஸ் படை உள்ளே நுழைந்து அதை அடக்கியதும் வரலாற்றில் உள்ளவை. என் அப்பா அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். நாடு விடுதலையடைந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் அந்தப் பழக்கம் அவரைவிட்டுப் போகவில்லை.

இனி சூளைக்கு வருகிறேன். கரி எடுத்த இடத்திலேயே களிமண்ணும் கிடைத்ததால் நிறுவனம் செங்கல்லும் அறுத்தது. இன்று உயர்ந்து நிற்கும் புகைபோக்கிகளும், வளைவுக் கூரையுள்ள நீண்ட கூடங்களும் அந்தச் செங்கல் தொழிலின் மிச்சங்கள். குகை என்றும் சுரங்க வாய் என்றும் சிலர் தவறாகச் சொல்வது இந்தக் கூடங்களைத்தான். எனக்கு விவரம் சொன்ன பெரியவர்களின் வாய்மொழிப்படி, அடுப்பில் தீ நின்று எரிய, கல் வந்துபோகும் முறை அங்கே இல்லை. கல் இருந்த இடத்தில் இருக்கும், தீ நடக்கும். ஓர் அறையில் பச்சைக் கல்லை அடுக்கி, வாசலைக் கல்லும் சேறும் வைத்து அடைத்துவிடுவார்கள். கூரையில் உள்ள துளைகள் வழியாகக் கரித்தூளைக் கொட்டக் கொட்ட, தீ அடுத்த அறைக்கு நகரும். அதன் சூடான காற்று முன்னால் உள்ள அறையின் ஈரக்கல்லை உலர்த்திக்கொண்டே போகும். தீ கடந்துபோன அறை சற்று ஆறியதும் அடைப்பை உடைத்து ஆட்கள் உள்ளே நுழைந்து வெந்த கல்லை வெளியே எடுக்க வேண்டும். ‘சற்று ஆறியதும்’ என்று எழுதிவிட்டேன். ஆனால் முழுதாக ஆறும்வரை யாரும் காத்திருக்கவிட்டதில்லை. ஈரச்சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே போனவர்களைச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். ‘அப்பா வெந்த இடம்’ என்று அண்ணன் சொன்னது அலங்காரப் பேச்சு அல்ல, அம்மா.

கூடத்தின் உள்ளே நுழையாமல் வாசலில் நின்றபடியே கைவிளக்கைப் பக்கச்சுவரின்மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். பல இடங்களில் கல்லின் முகம் உருகிக் கண்ணாடிபோல் கறுப்பும் பச்சையுமாக மின்னும். சில இடங்களில் சொட்டு வழிந்து உறைந்ததும் தெரியும். மீண்டும் மீண்டும் அதே சுவர் தீயைத் தாங்கியதன் அடையாளம் அது. பையன்களை அங்கே நிறுத்திவைத்து, அந்தச் சுவர் ஆறுவதற்குள் தாத்தா உள்ளே போனார் என்று சொன்னால் போதும்.

ஆகவே அண்ணனை முதலில் சூளைக்கு அழைத்துப்போங்கள். குட்டைக்கரை பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர் கால் தளர்வதற்கு முன் அவர் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கல்லும் மண்ணும் எழுதுகிறார்:

நான் நிலத்தியல் தொழிலில் இருப்பவன். பள்ளங்களையும் சரிவுகளையும் அளப்பதே என் அன்றாட வேலை. சகோதரி கேட்ட ‘கரையோரம் நடக்கலாமா’ என்ற கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

அங்கிருப்பவை இயற்கையான ஏரிகள் அல்ல. பத்து ஆராங்கில் கரியை இரண்டு வகையில் எடுத்தார்கள்: நிலத்துக்கடியில் சுரங்கப்பாதை வெட்டி எடுத்தது ஒன்று, மேல்மண்ணை அகற்றிவிட்டுத் திறந்த பள்ளமாகத் தோண்டி எடுத்தது மற்றொன்று. திறந்த பள்ளம் எங்கே இருந்தாலும் அதில் ஊறும் நீரை இயந்திரம் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அடியில் ஆள் நிற்க முடியும். தொழில் நின்றதும் இறைப்பும் நிற்கும். மழைநீரும் ஊற்றுநீரும் நிரம்பிப் பள்ளம் குட்டையாகிவிடும். எனவே சூளையும் புகைபோக்கியும் மட்டும்தான் இடிபாடு என்று நினைக்க வேண்டாம். அந்தக் குட்டைதான் அவ்வூரின் மிகப் பெரிய இடிபாடு. அதைத் தண்ணீர் மூடியிருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

இது தெரிந்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதும் விளங்கும். ஆற்றங்கரையோ கடற்கரையோ மெல்லச் சரிந்து ஆழமாகும். சுரங்கப் பள்ளத்தின் பக்கம் படிப்படியாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு படியும் ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு இருக்கும். கரையில் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பவர் ஒரு படியின் விளிம்பில் நிற்கிறார். அடுத்த அடியில் தரை இருக்காது. அடிமண் குழம்பாக இருப்பதால் மேலே ஏற உந்துவதற்கும் பிடிப்பு கிடைக்காது. நாட்டின் பல ஈயக்குட்டைகளில் நீச்சல் தெரிந்த பிள்ளைகளும் இறந்துபோனதற்கு இதுவே காரணம். நீரின் மேற்பரப்பு சலனமில்லாமல் அழகாக இருப்பதால் இந்த ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை.

நீருக்கு வெளியே உள்ள கரையும் நம்பத்தகுந்தது அல்ல. தோண்டிய மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடுகள் அவை. மழை பெய்து நீர்மட்டம் ஏறி இறங்கும்போது அடிப்பகுதி அரித்துப்போய், மேலே புல் மட்டும் பாலம்போல் நிற்பதை நான் வேறு குட்டைகளில் பார்த்திருக்கிறேன். விளிம்புக்கு இணையாக நிலத்தில் விரிசல் ஓடினால் அதற்கு இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும். விரிசல் இல்லாவிட்டாலும் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளியே நடங்கள். வண்டித் தடம் உள்ள இடம் ஓரளவு உறுதியானது. லாலாங் புல்லும் ரிசாம் செடியும் இடுப்புவரை மூடிய இடத்தில் தரையே தெரியாததால் அங்கே கால் வைக்க வேண்டாம்.

நிலத்தடிப் பாதைகள், காற்றுக்குழிகள், இறங்குவழிகள் ஆகியவை இருந்த ஊர் என்பதால், எந்தத் துளைக்குள்ளும் எட்டிப் பார்ப்பதற்குக்கூட நுழையாதீர்கள். மூடிய சுரங்கத்தில் உயிர்வாயு குறைந்த காற்று தேங்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தவிர, பத்து ஆராங் கரி காற்றுப்பட்டால் தானே சூடேறித் தீப்பற்றும் இயல்புள்ளது. நெடுநாள் குவித்துவைக்க முடியாத கரி என்ற குறை அதற்குத் தொடக்கத்திலிருந்தே உண்டு. வெயில் காலத்தில் கறுப்பு மண் மேட்டிலிருந்து புகை வந்தாலோ, தரை சூடாக இருந்தாலோ விலகிச் செல்லுங்கள்; அடியில் வெந்து குழியாகியிருக்கலாம்.

இவ்வளவும் பயமுறுத்த எழுதவில்லை. சூளைப் பக்கத்தையும், குட்டையைச் சற்று உயரத்திலிருந்து பார்க்கக்கூடிய வண்டித் தடத்தையும் மட்டும் வைத்துக்கொண்டால் உங்கள் அப்பாவுக்கு ஏற்ற நல்ல நடையாக அது அமையும். நீர் விளிம்பு மட்டும் வேண்டாம். இன்னொன்று: அந்நிலங்களில் பல தனியாருக்கு உரியவை. வேலி போட்டிருந்தால் தாண்டாதீர்கள். ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டு நுழைவதே முறை.

மலைநடை எழுதுகிறார்:

அக்கா, வணக்கம். ஒவ்வொரு ஞாயிறும் பெண்கள் சிலரோடு காட்டுநடை போகிறேன். பத்து ஆராங்குக்கும் போயிருக்கிறேன். மேலே இரண்டு பெரியவர்களும் முக்கியமானதை எழுதிவிட்டதால், நடைமுறைச் செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து காடியில் போனால் ஒரு மணி நேரம் போதும். ரயிலில் வருவதாக இருந்தால் தஞ்சோங் மாலிம் தடத்தில் குவாங் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து கிராப் வாடகை வண்டி எடுக்க வேண்டும். திரும்பும்போது ஊருக்குள் வண்டி கிடைக்கத் தாமதமாவதால் சொந்த வண்டியே அப்பாவுக்கு வசதி. காலை 7:30க்குச் சூளையடியில் இருங்கள். பத்து மணிக்குமேல் அந்த வெட்டவெளியில் வெயில் தாங்காது. பிற்பகலில் இடியும் மழையும் வரும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை ஏறக்குறைய நிச்சயம் என்பதால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். பிப்ரவரி நல்ல மாதம்.

கணுக்காலை மூடும் காலணி, நீளமான காற்சட்டை, ஒவ்வொருவருக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கட்டாயம் வேண்டும். அப்பாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் இதை முதலில் யாரும் எடுத்ததில்லை. ஒரு பாட்டியை அழைத்துப்போன அன்று, அவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பேச ஆரம்பித்தார். நின்றுகொண்டே நினைவுகூர்வது வயதானவர்களுக்குச் சிரமம் என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

எலிக்காய்ச்சலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரும் சேறும் காயத்தில் பட்டால் கிருமி உடலுக்குள் போய்விடும். சிறு கீறல் இருந்தாலும் ஒட்டி மூடிக்கொண்டு போங்கள். குட்டை நீரில் கை கழுவ வேண்டாம். போய்வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், குட்டைப் பக்கம் போய்வந்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தியதால் எங்கள் தோழி ஒருத்தி மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது.

அப்பாவுக்கு அன்று உடல் ஒத்துழைக்காவிட்டால் மாற்று வழி ஒன்று உண்டு. உலு சிலாங்கூரில் அம்பாங் பெச்சா என்ற இடம் இருக்கிறது. ‘உடைந்த அணை’ என்பது அப்பெயரின் பொருள். 1883 அக்டோபர் 29 அன்று பழைய அணை உடைந்து, மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங் உட்படப் பலர் வெள்ளத்தில் மாண்டார்கள். பிறகும் ஈய லம்பங்களின் வண்டல் ஆற்றை மேடாக்கி, பழைய கோலகுபு நகரம் மீண்டும் மீண்டும் வெள்ளத்தில் மூழ்கியது. கடைசியில் நகரத்தையே மேட்டுக்கு மாற்றிக் கோலகுபு பாரு என்று கட்டினார்கள். அங்கிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில் சிலாங்கூர் ஆற்று அணையின் ஏரி முழுவதும் வண்டியில் இருந்தபடியே தெரியும். அந்த அணைக்காகத் தெமுவான் பூர்வகுடி மக்களின் பெர்தாக், கெராச்சி கிராமங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆனால் உங்கள் அப்பாவின் ஊர் அது இல்லை என்பதால் இதை இரண்டாவதாகவே வையுங்கள்.

செந்தூல் மகள் எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய தண்டவாளம் ஐயாவின் மறுமொழியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘தீ நடக்கும்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

ஒரு சிறு சந்தேகம். தாத்தாவின் நினைவாக அங்கே உதிர்ந்து கிடக்கும் செங்கல் ஒன்றை வீட்டுக்கு எடுத்துவரலாமா? மூத்த மகன் கேட்கிறான். எனக்கும் ஆசைதான், ஆனால் சரியா என்று தெரியவில்லை.

கல்லும் மண்ணும் எழுதுகிறார்:

வேண்டாம் என்பதே என் கருத்து. நிலம் யாருடையதோ கல்லும் அவருடையது. பழம்பொருள்களைப் பொறுத்தவரை 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் இருக்கிறது. சட்டத்தைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. உதிர்ந்து கிடப்பது போல் தோன்றும் கல் சில வேளைகளில் மேலே உள்ள வளைவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும். ஆளுக்கொரு கல்லாக எடுத்தே சில வளைவுகள் விழுந்திருக்கின்றன. கல்லின் நீள அகலத்தை அளந்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, எந்த இடத்தில் கிடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் உங்கள் அப்பாவின் குரலைப் பதிவு செய்யுங்கள். சூளை இன்னும் சில காலம் நிற்கும். எந்த வாசலில் யார் வேலை செய்தார் என்று சொல்லக்கூடியவர்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருக்கிறார்கள்.

பழைய தண்டவாளம் எழுதுகிறார்:

தம்பி சொல்வது சரி. கல் அங்கேயே இருக்கட்டும். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்றை வைத்திருந்தோம். வீடு மாறியபோது யாரோ தூக்கிப்போட்டுவிட்டார்கள். அங்கேயே விட்டிருந்தால் இன்றும் போய்ப் பார்த்திருப்பேன்.

செந்தூல் மகள் எழுதுகிறார்:

போய்வந்துவிட்டோம். வாக்களித்தபடி எழுதுகிறேன்.

காலை ஏழரைக்கு முன்பே சேர்ந்துவிட்டோம். ஊரில் காப்பிக்கடை வைத்திருக்கும் சீன முதியவர் ஒருவரிடம் வழி கேட்டோம். அப்பாவின் வயதைக் கேட்டுவிட்டு, தாமே எழுந்து முன்னால் நடந்து வழிகாட்டினார். இருவரும் மலாய் மொழியில் பேசிக்கொண்டே போனார்கள். பையன்களும் நானும் பின்னால் நடந்தோம்.

சூளைக் கூடத்தின் வாசலில் அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை விரித்து உட்காரவைத்தேன். மகன் கைவிளக்கைச் சாய்த்து அடித்தபோது, ஐயா எழுதியபடியே சுவர் மின்னியது. மெழுகு வழிந்தது போன்ற சொட்டுகள், அவற்றின் நுனியில் மணல் ஒட்டிய கரும்பச்சைக் குமிழ்கள். வளைவின் இடுக்கில் வேர்விட்ட ஓர் ஆலங்கன்றின் வேர், அந்த உருகிய முகத்தில் பிடிப்பு கிடைக்காமல் வழுக்கிக்கொண்டே கீழே இறங்கி, இரண்டு கல்லுக்கு நடுவில் இருந்த காரைச்சந்தைக் கண்டதும் அதற்குள் நுழைந்திருந்தது. என் இளையவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவனிடம் சுவர்மேல் ஏறாதே என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு அப்பா தாமாகவே பேசத் தொடங்கினார். பாட்டி சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கமாக வருவார், தாத்தா கைகழுவாமல் ஏன் முதலில் மோர்த்தண்ணீரை மட்டும் குடிப்பார், உடம்பின் சூடு தணியாமல் சோறு இறங்காது என்பார் என்றெல்லாம் சொன்னார். இவற்றில் ஒன்றைக்கூட நான் இதற்குமுன் கேட்டதில்லை. 43 நிமிடங்கள் பதிவு செய்திருக்கிறேன்.

அதன்பின் வண்டித் தடம் வழியாகக் குட்டை தெரியும் மேட்டுக்கு மெல்ல நடந்தோம். விளிம்பிலிருந்து தள்ளியே நின்றோம். நீர் பச்சையாக, அசைவில்லாமல் இருந்தது. ஓர் உடும்பு மட்டும் எதிர்க்கரையில் இறங்கி நீந்திப்போனது. நான் அழகாக இருக்கிறது என்றேன். அப்பா தலையை அசைத்தார். “நான் பார்த்தபோது இங்கே தண்ணீர் கிடையாது. இங்கே நின்று கீழே பார்த்தால் ஆட்கள் எறும்பளவுதான் தெரிவார்கள். அந்தப் பக்கம் வண்டிப்பாதை சுற்றிச் சுற்றி இறங்கும்” என்று கையை நீட்டி, தண்ணீரின்மேல் அந்தப் பாதையை வளைத்து வளைத்து வரைந்து காட்டினார். குட்டைதான் மிகப் பெரிய இடிபாடு என்று இங்கே எழுதப்பட்டதை நான் முன்பே படித்திருந்தும், அவர் விரல் போன வழியே பார்த்தபோதுதான் எனக்கு அந்தப் பள்ளம் தெரிந்தது. காப்பிக்கடைப் பெரியவரும் பக்கத்தில் நின்று, பாதையின் கடைசி வளைவு இன்னும் சற்று இடப்பக்கம் என்று திருத்தினார். இருவருக்கும் அதில் சிறு வாக்குவாதம்கூட வந்தது.

பதினோரு மணிக்குள் திரும்பிவிட்டோம். பிற்பகல் மூன்று மணிக்கு ரவாங் பக்கம் நல்ல மழை. அப்பாவுக்கு அன்று இரவு முழங்கால் வலி இருந்தது, மறுநாள் சரியாகிவிட்டது. யாருக்கும் காய்ச்சல் இல்லை.

வண்டிப்பாதையின் அந்தக் கடைசி வளைவு எந்தப் பக்கம் இருந்தது என்பதை அப்பா இன்னும் விடவில்லை. பழைய தண்டவாளம் ஐயாவுக்குத் தெரிந்திருக்கும் என்கிறார். பிப்ரவரி முதல் ஞாயிறு மீண்டும் போவதாக இருக்கிறோம். ஐயா வர முடியுமானால் காலை ஏழு மணிக்குக் குவாங் ரயில் நிலைய வாசலில் காடியோடு காத்திருப்போம். இந்தமுறை நாற்காலி மூன்று எடுத்துவருகிறேன்.

பழைய தண்டவாளம் எழுதுகிறார்:

வருகிறேன் அம்மா. வளைவு இடப்பக்கம்தான், ஆனால் அண்ணன் எந்த மேட்டில் நின்று பார்த்தார் என்பதைப் பொறுத்து அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். நேரில் நின்று பேசித் தீர்த்துக்கொள்கிறோம். என்னிடம் என் அப்பாவின் பழைய சோற்றுத் தூக்கு இருக்கிறது; அதையும் எடுத்துவருகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.